முதியோர் பென்ஷன் மோசடி: தண்டனை யாருக்கு, எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதவித்தொகைப் பட்டியலில் இருந்து தகுதியற்றவர்கள் நீக்கம் என்று செய்தி வரும்போதெல்லாம், அதைத் தொடர்ந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குரல்தான் கேட்கிறது: பிடியுங்கள், பணத்தைப் பறியுங்கள், உள்ளே தள்ளுங்கள். மார்த்தாண்டம் சந்தையிலும் தக்கலை டீக்கடையிலும் பேச்சு அதேதான். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஏழைக்கு ஒதுக்கிய பணத்தை ஏழையல்லாதவர் எடுப்பது திருட்டுதான். ஆனால் இந்தப் பணம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது, பிடிபட்டவருக்கு என்ன நேர்கிறது என்பதை அருகில் இருந்து பார்த்தால் வேறு ஒரு கோபமும் வரும். மிகக் குறைவாகத் தவறியவருக்கு முதலில் தண்டனை கிடைக்கிறது, அதுவும் விசாரணையே இல்லாமல். அதிகம் திருடியவருக்கு வழக்கு, ஜாமீன், வாய்தா என்று ஆண்டுகள் கழிகின்றன.

முதலில் இறந்தவர் பெயரில் போகும் பணத்தைப் பார்ப்போம். முதியோர், ஆதரவற்ற விதவை உதவித்தொகைகள் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டன. வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்தான் இதற்குப் பொறுப்பு. தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்த காலத்தில் வாங்க ஆள் இல்லையென்றால் தொகை திரும்பிப் போய்விடும். வங்கிக்கு மாறிய பிறகு ஆள் போனாலும் கணக்கு உயிரோடு இருக்கிறது. ஏ.டி.எம். அட்டையும் நான்கு இலக்க எண்ணும் பேரனுக்குத் தெரியும். அடியந்திரச் (இறுதிச் சடங்கு) செலவுக்கு ஆகட்டும் என்று இரண்டு மூன்று மாதம் எடுத்துவிடுகிறார்கள். சில வீடுகளில் அது இரண்டு மூன்று வருடமாக நீள்கிறது.

இதில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மரணம் எங்கு நடந்ததோ அங்கேதான் அதைப் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் நோய் முற்றியவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ அங்குள்ள ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கோ கொண்டுபோகிறவர்களும் ஏராளம். அங்கே இறந்தால் பதிவு கேரளத்தில் நடக்கும். உடல் ஊருக்கு வரும், அடக்கம் ஊரில் நடக்கும், ஊரே கூடி அழும். ஆனால் ஊர்ப் பதிவேட்டில் அந்த மரணம் ஏறாது. தனி வட்டாட்சியர் அலுவலகம் உள்ளூர் இறப்புப் பதிவேட்டோடு எத்தனை முறை ஒப்பிட்டாலும் அந்தப் பெயர் சிக்காது. கிராம நிர்வாக அலுவலர் நேரில் கேட்டு எழுதினால்தான் உண்டு. அவர் கையில் இரண்டு கிராமங்களும் தேர்தல் வேலையும் இருந்தால் அது எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. இறப்புச் சான்றிதழ் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல், ஆதார் நகல், உதவித்தொகை ஆணை இருந்தால் அதன் நகல் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதம் எழுதித் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே சான்றிதழை வங்கிக் கிளையிலும் கொடுத்துக் கணக்கை நிறுத்தச் சொல்ல வேண்டும். இறந்த மாதத்துக்குப் பின் வந்த தொகையைத் தொடாமல் விட்டால் போதும், அதைத் திருப்பி அனுப்புவது எளிது. தொட்டுவிட்டிருந்தால் அதே கடிதத்தில் எத்தனை மாதம், எவ்வளவு என்று எழுதித் திருப்பிக் கட்ட அனுமதி கேட்கலாம். இந்த நான்கு வரியை அடக்கம் முடிந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பங்கு அருட்பணியாளரோ, ஜமாஅத் நிர்வாகியோ, சமுதாயத் தலைவரோ சொன்னால் பாதிக் கேடு வராமலே நின்றுவிடும்.

அடுத்தது தகுதி. முதியோர் பென்ஷனுக்கு நிலையான சொத்துக்கு ஒரு மதிப்பு வரம்பு உண்டு. நம் மாவட்டத்தில் அந்த வரம்பு பல இடங்களில் ஒரு சென்ட் நிலத்தின் விலைக்குக்கூட வராது. மூன்று சென்டில் ஓட்டு வீடு வைத்திருக்கும் எழுபது வயது விதவை, விதியை எழுத்துக்கு எழுத்துப் பிடித்தால் தகுதியற்றவர். ஆகவே விசாரணைக்கு வருபவர் கண்டும் காணாமல் எழுதுகிறார். அப்படி எழுதித்தான் உண்மையான ஏழைக்குப் பென்ஷன் கிடைக்கிறது. அதே நெகிழ்வில் மகன் வளைகுடாவில் சம்பாதித்து மாடி கட்டிய வீட்டின் பாட்டியும் உள்ளே வருகிறார். மறு ஆண்டு கணக்கெடுப்பு என்று வரும்போது இருவருமே காகிதத்தில் குற்றவாளிகள். யாரை விடுவது, யாரை நீக்குவது என்பது எழுதுகிறவர் கையில். கையூட்டு நுழைகிற இடமும் அதுதான். நிறைவேற்ற முடியாத விதியை வைத்துக்கொண்டு அதை மீறியவர்களை மோசடிக்காரர் என்று எண்ணினால் எண்ணிக்கை எவ்வளவு வேண்டுமானாலும் வரும்.

மாடி வீட்டுப் பாட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு மகன் பெயரில், மருமகள் கையில் சமையலறை, மகன் அனுப்பும் பணத்தில் பாட்டிக்கு ஒரு ரூபாய் இல்லை என்ற வீடுகள் எத்தனையோ. வெளியே நின்று டைல்ஸ் தரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் மகன்மேல் மனுக் கொடுக்கத் துணியும் தாய் அரிது. அவளுடைய பென்ஷனை நிறுத்துவது அந்த மகனைத் தண்டிப்பதாகாது.

இனி உண்மையான கொள்ளைக்கு வருவோம். பிரதமரின் கிசான் சம்மான் திட்டத்தில் நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. 2020-ல், ஊரடங்கு நேரத்தில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாத லட்சக்கணக்கானோர் விவசாயிகளாகச் சேர்க்கப்பட்டது வெளியே வந்தது. தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே அறிவித்து, விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. நடந்த விதம் எளிமையானது. விண்ணப்பிப்பவர் தானே பதியலாம் என்று இணையவழி திறக்கப்பட்டிருந்தது. பதிந்ததற்கு ஒப்புதல் தரும் வட்டார அதிகாரியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒப்பந்த ஊழியர் வழியாகக் கணினி மையங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தரகர் கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதார், பாஸ்புக் நகல்களை வாங்கினார். முதல் 2,000 வந்ததும் அதில் தன் பங்கை வாங்கிக்கொண்டார். கணக்கில் பெயர் இருந்த பலருக்கு அது எந்தத் திட்டம் என்றே தெரியாது. பிறகு வங்கிகள் மூலம் அந்தக் கணக்குகளில் இருந்தே பணம் பிடிக்கப்பட்டது. அதாவது தரகருக்குப் போன பங்கும் சேர்த்து அந்த ஏழையின் கணக்கில் இருந்து போனது.

எங்கே எந்தத் திட்டத்தில் பெரிய மோசடி என்றாலும் இந்த அச்சு மாறுவதில்லை. ஒரு அதிகாரியின் கடவுச்சொல், ஒரு கணினி மையம், ஊருக்கு ஒரு தரகர். பயனாளி தனியாக அரசை ஏமாற்றுவது மிகக் கடினம். யாராவது உள்ளே இருந்து கதவைத் திறக்க வேண்டும். விசாரிக்க வேண்டிய முதல் கேள்வி, யார் கணக்கில் பணம் போனது என்பதைவிட, யார் பயனர் பெயரில், எந்தக் கணினியில் இருந்து, எத்தனை மணிக்கு ஒப்புதல் விழுந்தது என்பதே. ஒரே பயனர் பெயரில் நள்ளிரவில் நூறு ஒப்புதல் விழுந்திருந்தால் அது அடுத்த நாள் காலையிலேயே மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

களியக்காவிளை வழியாகக் கேரள எல்லை தாண்டும் ரேஷன் அரிசியிலும் இதே கதைதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு வாசலில் கிலோவுக்குச் சில ரூபாய் வாங்கி அரிசியை விற்கும் பெண்ணின் பெயர்தான் ஊர் வாயில் அடிபடுகிறது. மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுபவர்மேல் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955, ஏழாம் பிரிவு உண்டு, ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 6-ஏ பிரிவில், வாடகைக்கு ஓடும் வண்டி பிடிபட்டால், பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்ட உரிமையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அந்த அபராதமோ, கடத்திய பொருளின் சந்தை விலையைத் தாண்டக் கூடாது. பத்து லட்ச ரூபாய் வண்டியை அதில் இருந்த அரிசியின் விலையைக் கட்டி மீட்டுவிடலாம் என்றால், அது தொழிலின் செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிடும்.

இன்னொரு கூட்டம் நம் கண்ணுக்கே படுவதில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் 2024 நவம்பரில், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்த 1,458 அரசு ஊழியர்களை அம்மாநில நிதித்துறை கண்டுபிடித்தது. அதில் கல்லூரி உதவிப் பேராசிரியர்களும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர். 18 சதவீத வட்டியோடு வசூலிக்க உத்தரவு வந்தது. அவர்களில் யாரையும் நாம் தெருவில் பார்த்துக் கள்ளன் என்று சொல்லமாட்டோம். வருமான வரி கட்டும் டாக்டரும் வக்கீலும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ அரசு ஓய்வூதியம் வாங்குபவரும் கிசான் தொகைக்குத் தகுதியற்றவர்கள் என்பது விதி. அண்ணன் படித்ததை மறைத்து முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குவதும், கடை வருமானத்தை மறைத்து வருமானச் சான்றிதழில் எழுபத்திரண்டாயிரம் என்று எழுத வைப்பதும் பொய் வாக்குமூலம்தான். அந்த வீடுகளில் இதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பேர். அடுத்த வீட்டு விதவையின் 1,200 ரூபாய்க்கு மட்டும் மோசடி என்று பேர். கோபப்படுகிற உரிமை எல்லோருக்கும் உண்டு. அந்தக் கோபத்தை எல்லா வீட்டு வாசலிலும் ஒரே அளவில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மக்கள் நினைப்புக்கும் கணக்குக்கும் உள்ள தூரம் நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. பிரிட்டனில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 2013 ஜனவரியில் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், நலத்திட்டச் செலவில் 27 சதவீதம் மோசடியில் போகிறது என்று மக்கள் சராசரியாக நினைத்தார்கள். அந்நாட்டு அரசின் சொந்தக் கணக்கு 0.7 சதவீதம். இங்கே, முதியோர், விதவை ஓய்வூதியங்களுக்கு மத்திய அரசு பணம் தரும் தேசிய சமூக உதவித் திட்டத்தின் 2017 முதல் 2021 வரையான செலவைத் தணிக்கை செய்து மத்தியத் தணிக்கைத் துறை 2023-ல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையைப் படித்துப் பார்க்கலாம். தணிக்கையில் சிக்கிய, இறந்த பிறகும் பணம் போன பயனாளிகள் 2,103 பேர், தொகை சுமார் 2 கோடி ரூபாய். அதே அறிக்கையில், சில மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் இந்த ஓய்வூதிய நிதியை வேறு செலவுகளுக்குத் திருப்பிய தொகை 57 கோடி ரூபாய்க்கும் மேல். முதலாவது தவறில்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டாவதற்கு யாரும் கம்பி எண்ண வேண்டும் என்று எந்த டீக்கடையிலும் பேச்சு எழவில்லை.

சந்தேகத்தையே நிர்வாக முறையாக்கிய நாடுகள் பட்டதும் நமக்குப் பாடம். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் சிறு படிவக் குறைக்கும் மோசடி முத்திரை குத்தி முழுத்தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. அதற்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரியில் மார்க் ருட்டே அரசு பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கணக்காகக் கணினியே சராசரி போட்டு, கொடுக்காத கடனைக் கேட்டு ஏழைகளுக்குக் கடிதம் அனுப்பியது. பின்னர் அது சட்டவிரோதம் என்று ஆகி, பணத்தைத் திருப்பித் தர வேண்டிவந்தது.

நம்மிடம் இது ஓசையில்லாமல் நடக்கிறது. பென்ஷன் நின்றதைப் பாட்டி தெரிந்துகொள்ளும் இடம் வங்கிக் கவுண்டர். காரணம் எழுதிய தாள் கைக்கு வருவதில்லை. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) முப்பது வருடம் முந்திரி உடைத்த பெண்களின் விரலைத் தோட்டு எண்ணெய் அரித்துவிடுகிறது. ரேகை இயந்திரம் அவர்களை அடையாளம் காண மறுக்கிறது. ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கும் வலை இழுப்பவர்களுக்கும் அதே நிலை. ஆதாரில் வயது 57, வாக்காளர் அட்டையில் 66 என்று இருந்தால் குறைந்த வயதையே பிடித்துக்கொண்டு தகுதியற்றவர் என்று எழுதிவிடுகிறார்கள். ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெயருக்கு முன் வீட்டுப்பெயர் ஒரு அட்டையில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இவர்கள் யாரும் ஒரு பைசா ஏமாற்றவில்லை. ஆனால் ‘தகுதியற்றவர் இத்தனை பேர் நீக்கம்’ என்ற எண்ணிக்கையில் இவர்களும் இருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நாம் மோசடி பெருகிவிட்டது என்கிறோம்.

நிறுத்தப்பட்டவர்கள் முதலில் பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கடைசித் தொகை எந்த மாதம் வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பணம் வந்து வேறு கணக்குக்குப் போயிருக்கிறதா என்று வங்கியில் கேட்க வேண்டும், ஏனென்றால் இரண்டு கணக்கு உள்ளவர்களுக்கு ஆதார் கடைசியாக இணைந்த கணக்குக்கே பணம் போகும். இதிலேயே பல பேர் பிரச்சினை தீர்ந்துவிடும். அங்கும் இல்லையென்றால், நிறுத்தியதற்கான காரணத்தையும் ஆணை நகலையும் கேட்டுத் தனி வட்டாட்சியருக்கு மனு. மனுவில் ‘மீண்டும் வழங்குக’ என்று மட்டும் எழுதினால் புது விண்ணப்பமாக எடுத்து வரிசையின் கடைசியில் வைத்துவிடுவார்கள். ‘அறிவிப்பின்றி நிறுத்திய மாதத்தில் இருந்து நிலுவையோடு’ என்று எழுத வேண்டும். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, தண்டனை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 318(4)-ஆம் பிரிவில் ஏமாற்றுதலுக்கு ஏழாண்டு வரை சிறை, ஏமாற்றுவதற்காக ஆவணத்தைப் போலியாகச் செய்தால் 336(3)-இல் அதே ஏழாண்டு. நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலோ அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாயாகத்தான் இருந்தது. ஒன்று மூன்று மாதப் பென்ஷனுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது, மற்றது போலி வருகைப் பதிவேடு எழுதியவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தைத்தான் ‘நிறுத்தி வை’ என்ற வாய்மொழி உத்தரவு நிரப்புகிறது.

என் யோசனை இது. தெரியாமல் வந்த தொகைக்கு, எழுத்தில் அறிவிப்பும் 30 நாள் அவகாசமும் கொடுத்துவிட்டு, வட்டியில்லாமல் மாதம் 200, 300 என்று பிடிக்கலாம், அதற்கு மேல் கேட்கக் கூடாது. மூன்றாம், நான்காம் நிலை அரசு ஊழியருக்குத் தவறுதலாகக் கூடுதல் சம்பளம் கொடுத்துவிட்டால் திருப்பிப் பிடிக்கக் கூடாது என்று 2014 டிசம்பரில் ரஃபீக் மசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஓய்வுபெற்றவரிடமும் கூடாது என்றது. சம்பளக்காரருக்குக் காட்டிய அந்த இரக்கம் பென்ஷன் பாட்டிக்கு ஏன் இல்லை? இறந்ததை மறைத்து ஆண்டுக்கணக்கில் எடுத்த குடும்பத்திடம் முழுத்தொகையும் அபராதமும் வசூலிக்கலாம், கட்டாவிட்டால் வருவாய் வசூல் சட்டம் இருக்கிறது. போலி ஆவணம் செய்தவர், கடவுச்சொல்லை விற்றவர், தரகர் ஆகியோருக்குச் சிறைதான், அதிலும் பணம் பயனாளிக் கணக்கில் பிடிக்கப்படுவதற்கு முன் அவர்கள் சொத்தில் பிடிக்கப்பட வேண்டும். கடவுச்சொல் ‘திருடுபோனது’ என்று சொல்லும் அதிகாரி, அது எப்போது தெரிந்தது, எப்போது மாற்றினார் என்பதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

புகார் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘இந்தத் தெருவில் எல்லோரும் பொய்யாக வாங்குகிறார்கள்’ என்ற மொட்டைக் கடிதத்தால் ஒன்றும் நடக்காது, நடந்தால் தெருவில் உள்ள நிஜ ஏழைக்கும் சேர்த்து நின்றுபோகும். எந்தத் திட்டம், என்ன தகுதிக்குறை, அதற்கு எந்த ஆவணம் சாட்சி என்று எழுதுங்கள். தரகர் என்றால் எவ்வளவு கேட்டார், எந்தக் கணினி மையத்தில் பதிந்தார் என்று எழுதுங்கள். பத்திரிகைகளும் நீக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலையும் படத்தையும் விசாரணை முடியும் முன் வெளியிடாமல் இருந்தால் நல்லது.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க ஒன்று உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுகளுக்குத் தேசிய அளவிலான தரவுத்தளம் அமைக்க 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. அது முழுமையாகக் கைகொடுக்கும் வரை காத்திராமல், திருவனந்தபுரம் மாநகராட்சியில் பதிவாகும் இறப்புகளில் குமரி முகவரி உள்ளவற்றை மாதம் ஒருமுறை கேட்டு வாங்கி, ஆறு வட்டங்களின் தனி வட்டாட்சியர்களுக்கும் பிரித்து அனுப்பலாம். அந்தப் பட்டியலில் பெயர் வந்தாலும் உடனே நிறுத்திவிடாமல், கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே நிறுத்த வேண்டும். ஒரே பெயரும் ஒரே ஊரும் உள்ள இரண்டு மேரிகளும் இரண்டு தங்கம்மாக்களும் இந்த மாவட்டத்தில் எந்த வார்டிலும் இருப்பார்கள்.

இப்படிக்கு,
சமூகப் பாதுகாப்புத் திட்டப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஊழியர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.